படத்துக்குத்தான் சட்டம்

ஞாயிற்றுக்கிழமை விழாப் பந்தலில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தக் காணொளியை உங்களில் பாதிப் பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். ஆனால் அதன் அடியில் ஒருவர் "அக்கா டிவிக்கும் கோலம் போட்டு வச்சிருக்காங்க" என்று எழுதி, அதற்கு அத்தனை சிரிப்புப் பொம்மைகள் விழுந்த பிறகு, பேசாமல் இருந்தால் நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

எல்லோரும் விளையாடப் பந்தலில் வைத்த டிவியில், பழைய வீடியோ கேம்களை ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருளில், படத்தைச் சுற்றி நான் வைத்திருந்த ஓரச் சட்டத்தை, அதாவது பெசலை, ஒரு தம்பி என்னைக் கேட்காமல் எடுத்துவிட்டு, படத்தை டிவி முழுக்க இழுத்துவிட்டு, "இப்பத்தான் கேம் மாதிரி இருக்கு" என்றார். பெசல் வைப்பது படத்துக்கு நகை போடுவதற்காக என்று அவர் நினைத்துவிட்டார். படத்தை அதன் அளவிலேயே விட்டுவைத்தால் சுற்றிலும் இடம் மிஞ்சும். மிஞ்சுகிற அந்த இடத்துக்குத்தான் சட்டம்.

கணக்காகவே சொல்கிறேன். அந்தக் காலத்து டிவியின் அகல உயர விகிதம் 4:3. பந்தலில் இருந்த டிவி 1920க்கு 1080 புள்ளி. உயரம் முழுவதையும் கொடுத்தாலும் 4:3 படத்துக்கு 1440 புள்ளி அகலம் போதும். இரு பக்கமும் 240 புள்ளிகள் கறுப்பாக நிற்கும். அந்தக் கறுப்பைப் பொறுக்க மாட்டாமல் இழுத்து நிரப்பினால், படத்தில் உள்ள அத்தனையும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். மாரியோ மூன்று பந்தியில் உட்கார்ந்து எழுந்தவர் போல ஓடியதற்கு இதுதான் காரணம். பேக்மேன் கதை இன்னும் மோசம். 1980இல் வந்த, காசு போட்டு ஆடும் பெட்டிக்கான அந்த ஆர்கேட் கேமின் திரை நின்றவாக்கில் இருப்பது. 3:4 விகிதத்தில் நம் டிவியில் அதற்கு 810 புள்ளி அகலம்தான் வேண்டும். மிச்சம் 1110, படத்தைவிட வெற்றிடம் அதிகம். அதையும் இழுத்தார். வட்டமாக இருக்க வேண்டிய பேக்மேன் இரண்டே கால் மடங்குக்கும் மேல் அகன்று, சட்டியில் ஒழுங்காகச் சுழற்றாத ஆப்பம் போலக் கிடந்ததைப் பார்த்துத்தான் எல்லோரும் கை தட்டினீர்கள்.

நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து செய்த வேலை அது. நடுவில் ஒளி ஊடுருவும்படி வெட்டிய ஒரு பிஎன்ஜி படம், அதைச் சுட்டிக்காட்டும் நாலு வரி சிஎஃப்ஜி அமைப்புக் கோப்பு என்று சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. புள்ளிகள் கோணாமல் இருக்கப் பழைய கேமின் படத்தை முழு மடங்காகத்தான் பெரிதாக்க வேண்டும். 240 கோடுகள் கொண்ட படத்தை நான்கு மடங்காக்கினால் 960 வரும். ஐந்தாக்கினால் 1200 ஆகித் திரையைத் தாண்டிவிடும். ஆகவே நடுத் துளை 1280க்கு 960. சட்டத்துக்கு வண்டித்தாவளம் பெரியம்மா வீட்டுக் கெல்ட்ரான் டிவியின் பழைய போட்டோவைப் பார்த்து, சேனல் திருகும் குமிழையும் ஸ்பீக்கர் கீற்றுகளையும் ஒவ்வொன்றாக வரைந்தேன். முதல் தடவை துளையைச் சிறிதாக வெட்டிவிட்டதால் மேலே இருந்த ஸ்கோர் பாதி மறைந்தது. அதைச் சரிசெய்து, கேமுக்குத் தனியாக ஓவர்ரைடு சேமிக்காமல் பொது அமைப்பில் சேமித்துத் தொலைத்ததில், பேக்மேனும் பெரியம்மாவின் டிவிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரவு பதினொன்றரைக்குத்தான் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தது. அதை எடுத்துவிட அந்தத் தம்பிக்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை.

"ஒரிஜினலில் இதெல்லாம் ஏது?" என்று கேட்கிறீர்கள். ஒரிஜினலில் டிவிப் பெட்டியே சட்டம்தான். அது போதாதென்றால், கையடக்கக் கேம்பாயின் கேம்களை டிவியில் விளையாடவைக்கும் சூப்பர் கேம்பாயை 1994இல் நிண்டெண்டோ வெளியிட்டபோது, 160க்கு 144 புள்ளி கொண்ட கேம்பாய் படத்தை இழுக்காமல், 256க்கு 224 திரையின் நடுவில் வைத்து, சுற்றிலும் ஓரப்படம் போட்டது. அதே ஆண்டு வந்த கேம்பாய் டாங்கி காங் கேசட்டில், ஆர்கேட் பெட்டி போன்ற ஓரம் கூடவே வந்தது. அதற்கும் முன்பு, 1972இன் மேக்னவாக்ஸ் ஒடிசி என்ற கேம் கருவியில் டிவி கண்ணாடி மேலேயே பிளாஸ்டிக் தாள் ஒட்டி விளையாடினார்கள். கோலம் போட்டவள் நான் ஒருத்தி இல்லை.

என் அப்பா கொழிஞ்சாம்பாறையில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருந்தது பலருக்குத் தெரியும். ஒரு நாள் வேலந்தாவளத்திலிருந்து ஒருவர் தன் பெற்றோரின் கல்யாண போட்டோவையும், எங்கோ வாங்கிய பெரிய பிரேமையும் கொண்டுவந்து, போட்டோவைப் பெரிதாக்கி, ஓரத்தை வெட்டி, பிரேம் நிறையப் போட்டுத் தரச் சொன்னார். அவர் வெட்டச் சொன்ன ஓரத்தில் ஓர் அம்மாள் கையில் தாம்பாளத்துடன் நின்றிருந்தார். அப்பா வெட்டவில்லை. சுற்றிலும் வெள்ளை அட்டை வைத்து, போட்டோவை அதன் அளவிலேயே நடுவில் நிறுத்தினார். வெறும் அட்டைக்கா காசு என்று அவர் சத்தம் போட்டபோது, "அட்டைக்குக் காசு வேண்டாமுங்க, படத்துல மட்டும் கத்திரி வைக்கச் சொல்லாதீங்க" என்றார் அப்பா. அப்போது பிரேம் செய்யும் பீடிங் கட்டைத் துண்டுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்த எனக்கு, அப்பா ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார் என்று புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை புரிந்தது.

"ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கணினியில் பெசல் போட்டால் கேம் திணறும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். திணறுவது மெகா பெசல் போன்ற, கண்ணாடிப் பிரதிபலிப்பு வரைக்கும் கணக்குப் போடுகிற ஷேடர் நிரல்கள். நான் வைத்தது ஒரே ஒரு அசையாத படம். அசையாத படம் ஓஎல்இடி திரையில் தடம் பதித்துவிடும் என்பது நியாயமான கவலை, மறுக்கவில்லை. ஆனால் பந்தலில் இருந்தது சாதாரண எல்இடி டிவி, அதுவும் என் டிவி. கவனம் சிதறுகிறது என்பவர்கள் ஒளிபுகா அளவைக் குறைத்துச் சட்டத்தை மங்கலாக்கிக்கொள்ளலாம், அதற்கு அமைப்பு உண்டு. சட்டமே வேண்டாமா, எடுத்துவிடுங்கள், கறுப்புப் பட்டையோடு விளையாடுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. படத்தை இழுக்காதீர்கள் என்றுதான் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

வருத்தம் இல்லை என்று எழுதிவிட்டேன், அது பொய். அந்தத் தம்பியே போன வருடம் தன் கணினிக்கு வண்ண விளக்கு வைத்துப் படம் போட்டபோது, "செட்டப் மாஸ்" என்று வரிசையாக வந்து பாராட்டியவர்கள் நீங்கள்தான். நான் ஓர் ஓரம் வைத்தால் அது கோலம். 240ஐ நாலால் பெருக்கியது நான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. பொம்பளை, அழகுபடுத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். கோலத்துக்கும் புள்ளி எண்ணித்தான் வைக்க வேண்டும் என்பதாவது உங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சட்டத்தின் உள்விளிம்பில் ஒரு மெல்லிய தங்கக் கோடு இருந்தது, கவனித்திருக்க மாட்டீர்கள். அது கெல்ட்ரான் டிவியில் கிடையாது. அப்பா சாமி படங்களுக்குப் போடும் பீடிங் கட்டையில் இருந்த கோடு. கடையை மூடியபோது எடுத்துவைத்த ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறம் பார்த்துப் போட்டேன்.

அடுத்த விழாவுக்கும் டிவி கேட்டிருக்கிறார்கள், தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு கன்ட்ரோலர் மட்டும்தான் வெளியே இருக்கும். அதில் மெனு திறக்கும் பட்டனை நேற்றே அணைத்துவிட்டேன். ரிமோட்டும் கீபோர்டும் என் பையில் இருக்கும்.