ப்ளேயரை மாற்றினால் பாட்டு மாறுமா?

போன மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "உடனே வாங்க, நேத்து வரைக்கும் கேட்ட சிஸ்டமே இல்ல இது" என்றார். போய்ப் பார்த்தால் ஆம்ப் அதே ஆம்ப், ஸ்பீக்கர் அதே ஸ்பீக்கர், எண்களாக இருக்கும் பாட்டை ஆம்புக்கு ஏற்ற மின் அலையாக மாற்றும் டிஏசியும் பழையதுதான். லேப்டாப்பில் பாட்டை ஓட்டும் சாஃப்ட்வேர் மட்டும் மாறியிருந்தது. இலவச ப்ளேயரில் ஓட்டினால் சத்தம் தட்டையாகத்தான் வரும், இதற்குச் சந்தா கட்டுங்கள், கச்சேரி மேடையே கண்முன் விரியும் என்று ஒரு ஆடியோ கடையில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்குக் கட்டிவிட்டார்.

சிடியிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு கச்சேரியை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டார். வித்தியாசம் இருந்தது, எனக்கும் கேட்டது. புது ப்ளேயரில் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், கூடுதல் அழுத்தத்தோடு விழுந்தது. குரல் ஓர் அடி முன்னால் வந்து நின்றது.

பையில் மல்டிமீட்டர் இருந்தது. ஆம்பின் வால்யூமைத் தொடாமல், ஒரே 60 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை இரண்டு ப்ளேயரிலும் ஓட்டி, ஸ்பீக்கர் முனையில் வோல்ட்டேஜ் பார்த்தோம். பழைய ப்ளேயரில் 1.42 வோல்ட். புதியதில் 1.60. அதாவது புதியது சுமார் 1 டெசிபல் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் காது "சத்தம் கூடிவிட்டது" என்று சொல்லாது. "தெளிவாக இருக்கிறது, உயிரோடு இருக்கிறது" என்றுதான் சொல்லும். எல்லோர் காதும் அப்படித்தான்.

காரணம் ரொம்பச் சின்னது. பழைய ப்ளேயருக்குள் இருக்கும் வால்யூம் கோடு முழுவதுமாக ஏறாமல் கொஞ்சம் கீழே நின்றிருந்தது. அதை முழுக்கத் தள்ளியதும் இரண்டிலும் 1.60. அப்புறம் நண்பர் திரும்பி உட்கார்ந்துகொண்டார், அவர் மனைவி எதில் ஓட்டுகிறோம் என்று சொல்லாமல் 16 முறை போட்டார். நண்பர் 9 முறை சரியாகச் சொன்னார். காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே 8 வரும். 16-க்கு 12 வந்தால்தான் நிஜமாகவே கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நல்ல காது உள்ள மனிதர், பாட்டின் மேல் உள்ள ஆசையில் பணத்தைக் கட்டியவர். இந்தப் பதிவை எழுத அதுதான் காரணம்.

சாஃப்ட்வேருக்கு என்று தனிக் குரல் கிடையாது என்பது என் உறுதியான கருத்து. சிடி தரம் என்றால் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். கணக்குப் போட்டால் நொடிக்கு 14,11,200 பிட். ஃபிளாக் கோப்பு அதையே மடித்து வைத்திருக்கிறது, பிரித்தால் ஒரு பிட் கூடக் குறையாமல் வந்துவிடும். அந்த எண்கள் அப்படியே டிஏசிக்குப் போய்ச் சேர்ந்தால், கொண்டுபோனது இலவச ப்ளேயரா, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதா என்பது டிஏசிக்குத் தெரியாது. இன்றைய யுஎஸ்பி டிஏசிகளில் பெரும்பாலானவை தங்கள் சொந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, தேவைப்படும் வேகத்தில் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. நேரத்தை நிர்ணயிப்பது ப்ளேயர் இல்லை, டிஏசிதான்.

நெட்வொர்க் ஒயரும் ஸ்விட்ச்சும் ஒலியை மாற்றும் என்று விற்பவர்களும் உண்டு. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஸ்ட்ரீமிங்கில் பாட்டு ஓடும்போது நெட் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். முன்கூட்டியே வாங்கி வைத்ததை வைத்துப் பாட்டு கொஞ்ச நேரம் ஓடும். ஒயரே இல்லாத அந்த நேரத்தில் ஒலி ஏதாவது மாறுகிறதா என்று கேளுங்கள்.

ஆனால் "சாஃப்ட்வேரால் எதுவுமே மாறாது" என்று அடித்துச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எண்கள் அப்படியே போய்ச் சேர்ந்தால் என்றேன் அல்லவா? பெரும்பாலான வீடுகளில் அவை அப்படியே போய்ச் சேர்வதில்லை.

முதல் சந்தேகம் ஆப்பின் தரச் செட்டிங் மேல்தான் வரவேண்டும். ஸ்பாட்டிஃபையில் நார்மல் என்றால் 96 கேபிபிஎஸ் (நொடிக்கு 96 ஆயிரம் பிட்), வெரி ஹை என்றால் 320. நடுவில் 'ஆட்டோமேட்டிக்' என்று ஒன்று இருக்கிறது, நெட் மெதுவானால் அதுவாகவே இறங்கிவிடும். லட்ச ரூபாய் ஸ்பீக்கரில் இந்த ஆட்டோமேட்டிக்கை ஓட்டும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தரம் இறங்கினால் எங்கே தெரியும் என்றால், குரலில் அவ்வளவாகத் தெரியாது. நேரடிக் கச்சேரிப் பதிவில் தனி ஆவர்த்தனம் முடிந்து எழும் கைதட்டலைக் கேளுங்கள். நல்ல தரத்தில் அது பல நூறு தனித்தனிக் கைகள், முன்வரிசை வேறு, பின்வரிசை வேறு. குறைந்த தரத்தில் அத்தனையும் கலந்து தண்ணீர் கொதிப்பது போல ஒரே சலசலப்பாகிவிடும். பஜனைப் பாட்டில் ஜால்ராவும் அப்படித்தான். ணிங் என்று அடித்து நீண்டு தேய வேண்டிய ஓசை, ஈரத் துணி போல நொதநொதவென்று முடியும். இதைக் கேட்கப் பயிற்சி பெற்ற காது தேவையில்லை.

அடுத்தது போனும் கம்ப்யூட்டரும் இடையில் செய்யும் கலவை. ஆண்ட்ராய்டும் விண்டோஸும் பாட்டு, நோட்டிஃபிகேஷன் மணி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துதான் வெளியே அனுப்பும். கலப்பதற்காக எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்கு, பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 48,000 மாதிரிகள்), மாற்றிவிடும். உங்கள் டிஏசியில் எண் காட்டும் திரை இருந்தால் பாருங்கள்: 44.1 பாட்டு ஓடும்போது 48 என்று காட்டினால் இடையில் கைவைக்கப்பட்டிருக்கிறது. நன்றாகச் செய்த மாற்றம் காதுக்குத் தெரியாது, மோசமாகச் செய்தது தெரியலாம். விண்டோஸில் டிஏசியைத் தனக்கு மட்டும் பிடித்துக்கொள்ளும் வசாபி எக்ஸ்க்ளூசிவ் மோடு உள்ள ப்ளேயர் இந்தக் கலவையைத் தாண்டிப் போய்விடும். அந்த வேலையை ஃபூபார்2000 என்ற இலவச ப்ளேயரே செய்யும். ஆண்ட்ராய்டிலும் பதினான்காம் பதிப்பிலிருந்து யுஎஸ்பி டிஏசிக்குக் கலக்காமல் அனுப்பும் வழி வந்திருக்கிறது, ஆப் அதைப் பயன்படுத்தினால்.

லேப்டாப் கம்பெனிகள் போட்டுத் தரும் 'என்ஹான்ஸ்மென்ட்', போனில் தானாக ஆன் ஆகியிருக்கும் டால்பி, இவை இரண்டையும் தயங்காமல் அணைத்துவிடுங்கள். இவைதான் ஒலியை நிஜமாகவே உருமாற்றுகின்றன. ஆப்பிள் மியூசிக்கில் டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலி ஆன் ஆகியிருந்தால் சில பாட்டுகளுக்கு உங்களுக்கு வருவது வேறு மிக்ஸ். அதையும் இன்னொரு ஆப்பின் ஸ்டீரியோவையும் வைத்து "இந்த ஆப்தான் சிறந்தது" என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

சத்தத்தைச் சமன் செய்யும் செட்டிங்கும் அந்த மாதிரிதான். ஸ்பாட்டிஃபை சாதாரணமாக மைனஸ் 14 லஃப்ஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்கு எல்லாப் பாட்டையும் கொண்டுவருகிறது, ஆப்பிளின் சவுண்ட் செக் மைனஸ் 16-க்கு. அதில் கெடுதல் பெரிதாக இல்லை. ஆனால் ஒன்றில் ஆன், ஒன்றில் ஆஃப் என்று வைத்து ஒப்பிட்டால் நண்பர் வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

சிடியைவிடக் கூடுதல் தரம் என்று விற்கும் 'ஹை ரெஸ்' பற்றியும் கேட்பீர்கள். 2007-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. எஸ்ஏசிடி போன்ற உயர்தர வட்டுகளின் ஒலியையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும், எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276. பாதி கூட இல்லை. எம்க்யூஏ என்று ரகசியமாக வைக்கப்பட்ட ஒரு கோப்பு வடிவத்தைப் பெரிய புரட்சி என்று 2017-ல் டைடல் என்ற ஸ்ட்ரீமிங் ஆப் கொண்டுவந்தது. அதற்கென்றே டிஏசி வாங்கியவர்கள் எத்தனையோ பேர். 2023-ல் அந்த எம்க்யூஏ கம்பெனியே நொடித்தது, 2024-ல் டைடல் எம்க்யூஏவை விட்டுவிட்டு ஃபிளாக்குக்கு மாறிவிட்டது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சில கம்ப்யூட்டர்களில் மவுஸை நகர்த்தினாலே ஸ்பீக்கரில் கிறீச் என்று கேட்கும், சார்ஜர் போட்டால் ம்ம்ம் என்று 50 ஹெர்ட்ஸ் இரையும். அது நிஜம். ஆனால் அது எர்த், மின்சாரக் கசிவு சம்பந்தப்பட்ட கோளாறு. சார்ஜரைக் கழற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அதற்கு மருந்து புது ப்ளேயர் அல்ல.

அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகள் பல, ஒரே ஆப்பில் இரண்டு மூன்று பிரதிகளாகக் கிடக்கின்றன. ஒன்று தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்தது போல இருக்கும், இன்னொன்று ரீமாஸ்டர் என்ற பெயரில் தபலாவும் வயலினும் ஒரே உயரத்தில் கத்தும். ஒரு பாட்டின் இரண்டு பிரதிகளை ஹார்மோனியத்தோடு வைத்துப் பார்த்தேன், ஒன்றில் கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறியிருந்தது. எந்தக் காலத்திலோ டேப் வேகமாக ஓடியிருக்கிறது. எந்த ப்ளேயரும் தானாக இதைச் சரிசெய்யாது. நாமே இரண்டையும் கேட்டு நல்ல பிரதியைத் தேடிப் பிடித்து ப்ளேலிஸ்ட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நண்பர் வீட்டில் அன்று கடைசியாக ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னால் இழுத்தோம். வெறும் டைல்ஸ் தரையில் ஜமக்காளம் விரித்தோம். எதிர்ச் சுவர் ஜன்னலுக்குக் கனமான போர்வையை மாட்டினோம். அதே கச்சேரியைத் திரும்பப் போட்டபோது, சமையலறையிலிருந்து அவர் அம்மா எட்டிப் பார்த்து, "இப்பத்தான் வார்த்தை புரியுது" என்றார். அவரிடம் நாங்கள் எதை மாற்றினோம் என்று சொல்லவே இல்லை.

கோவையில் இருப்பவர்கள் யாருக்காவது ப்ளேயர் மாற்றினால் வித்தியாசம் கேட்கிறது என்றால், தயவுசெய்து கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மல்டிமீட்டரோடு. 16-க்கு 12 யாராவது எடுத்தால் அதையும் இங்கேயே எழுதுகிறேன்.