அது தோல். காகிதம் இல்லை.

ஓவியத்தை அயர்ன் பண்ணச் சொல்ற அந்த ரீலை இனிமேல் யாரும் அனுப்பாதீங்க. பார்த்தாச்சு. ஈக்வடார் நாட்டு டிகுவா மலைப்பகுதியின் ஓவியம்: சரிவு முழுக்கக் கட்டம் கட்டமா வயல், கூரை வீடுகள், மேலே கோட்டோபாக்ஸி எரிமலை. மழையில் படம் தொய்ஞ்சுபோச்சாம். பின்பக்கம் தண்ணி தெளிச்சு அயர்ன் பண்ணணுமாம். கீழே நூறு பேர் "செம டிப்ஸ்".

அது தோல் சாமி. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டின செம்மறியாட்டுத் தோல். ஈரம் ஏறினா நெகிழும், காய்ஞ்சா இறுகும். மிருதங்கம் வாசிக்கிறவங்க யாரையாவது கேளுங்க. ஈரத்தோலில் சூடு 60 டிகிரியைத் தாண்டினாலே சுருங்க ஆரம்பிக்கும், சுருங்கினது திரும்பாது. அயர்ன் பாக்ஸை சில்க் செட்டிங்கில் வைச்சாலே 100ஐத் தாண்டுது. தோல் சுருங்கும், மேலே இருக்கிற பெயின்ட் கூடவே சுருங்காது. வெடிக்கும். புள்ளி புள்ளியா வைச்ச செம்மறியும் லாமாங்கிற ஒட்டக இன விலங்கும் செதில் செதிலா உதிரும்.

"அப்போ தொய்ஞ்சா என்ன பண்றது?" ஒண்ணும் பண்ணாதீங்க. மழை விட்டா தானே இறுகும். ஓதம் ஏறுற வெளிச்சுவரில் மாட்டாதீங்க. சட்டத்துக்குப் பின்னாடி நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினா காத்து போகும். தூசிக்குக் காய்ஞ்ச மென் பிரஷ், அவ்வளவுதான். கண்ணாடி போட்டா பெயின்ட்டில் படாம இடைவெளி விடணும். லேமினேஷன்னு சொல்றவரிடம் படத்தையே காட்டாதீங்க.

பழைய சட்டத்தைக் கழட்டி "நல்ல ஃபிரேம்" போடணும்னும் ரீல்காரர் சொல்றார். அந்தச் சட்டத்திலும் பல படங்களில் கோலம் மாதிரி வரைஞ்சிருப்பாங்க, அதுவும் ஓவியம்தான். கழட்டின தோல் சுருண்டுக்கும். அது தோல்!

இதெல்லாம் முன்னாடி திருவிழா மேளத்தில் வரைஞ்ச படம். 1970களில் ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் நாட்டார் கலைப்பொருள் விற்ற ஓல்கா ஃபிஷ் சொல்லித்தான் டிகுவாக்காரர் ஹூலியோ தோவாகிசா தட்டையான சட்டத்தில் தோலைக் கட்டி வரைய ஆரம்பிச்சார். பிறகு குடும்பம், அப்புறம் ஊரே வரைஞ்சது.

"டூரிஸ்டுக்கு விக்கிற படத்துக்கு இவ்வளவு அலட்டலா?" வரும், தெரியும். ஆமா, விக்கத்தான் வரைஞ்சாங்க. தஞ்சாவூர் ஓவியத்தை என்ன, பிரசாதமாவா கொடுக்கிறாங்க? "வீடெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு நிக்குது, தூரம் கிட்டம் தெரியல, சின்னப் பசங்க கிறுக்கல்" என்கிறவங்களுக்கு: 3,500 மீட்டர் உயரத்தில், எதிர்ச்சரிவைப் பார்த்து நின்னா ஊர் அப்படித்தான் தெரியும். எண்ணெய் ஓவியம்னா தொடவே பயப்படுவீங்க. மலையூர் விவசாயி வரைஞ்சதுன்னா மட்டும் சட்டைத்துணி மாதிரி தேய்ப்பீங்க, இல்ல?