அமர்வு முன்மொழிவில் சறுக்கிய இடத்தையும் எழுதுங்கள்

பொது சுகாதார அவசரகால ஆயத்த மாநாடுகளுக்கு அமர்வு முன்மொழிவு, அதாவது 'இந்தத் தலைப்பில் நான் ஒரு அமர்வு நடத்துகிறேன்' என்று எழுதித் தரும் விண்ணப்பம், கேட்டு அறிவிப்பு வந்தாலே, களத்தில் வேலை செய்பவர்கள் "அதெல்லாம் ஆராய்ச்சி செய்யறவங்களுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்ப வருத்தம். தொற்று பரவியபோது வீடு வீடாக ஏறி இறங்கியவரும் தடுப்பூசிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவரும் மேடையேறாவிட்டால் அங்கே திட்டங்கள்தான் பேசப்படும், நடந்தது பேசப்படாது.

எழுத முன்வருபவர்களும் முக்கியமானதை விட்டுவிடுகிறார்கள். ஒரு சுகாதார நிலைய ஊழியர் தன் முன்மொழிவைக் காட்டினார். தலைப்பு: 'பேரிடர் காலத் தடுப்பூசிப் பாதுகாப்பு - சவால்களும் வாய்ப்புகளும்'. பேச்சுவாக்கில்தான் உண்மைக் கதை வந்தது. மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் ஓடியது, ஒத்திகையிலும் ஓடியதுதான். ஆனால் தடுப்பூசி ஃப்ரிட்ஜ் செருகியிருந்த பிளக் ஜெனரேட்டர் லைனில் இல்லை. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து ராத்திரி முழுக்கச் சூடாகியிருக்கிறது. இப்போதெல்லாம் ஒத்திகையில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டதோடு விடுவதில்லை, ஃப்ரிட்ஜின் தெர்மாமீட்டரையும் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு வரிகூட முன்மொழிவில் இல்லை. கேட்டால், "எழுதினா ஆபீசுக்குக் கெட்ட பேர்" என்றார்.

அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் வழி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஊக்குவிக்கும் 'நடவடிக்கைக்குப் பிந்தைய மறுஆய்வு' முறையே ஆள் மீது குற்றம் சுமத்தாமல், எது நடந்தது, ஏன் நடந்தது, எதை மாற்றலாம் என்று கேட்பதுதான். கோவிட் ஓயும்வரை காத்திருக்காமல் நடுவிலேயே அப்படி உட்கார்ந்து பார்க்கவும் 2020-இல் வழிகாட்டுதல் தந்தார்கள். அதே வரிசையில் முன்மொழிவை எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம். மேலதிகாரியின் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் போய்க் கேட்டால் கிடைக்காது.

வெற்றிக் கதைக்கும் இதே அளவுகோல்தான். 2014 ஜூலையில் எபோலா நைஜீரியாவின் லாகோஸில் நுழைந்தது. அவ்வளவு பெரிய நகரத்தில் நுழைந்தும் 20 பேருக்குத் தொற்று, 8 மரணங்கள் என்ற அளவில் நின்றது. அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 'சிறப்பான ஒருங்கிணைப்பு' என்று எழுதினால் அதிலிருந்து யாரும் எதையும் எடுத்துப்போக முடியாது. போலியோ ஒழிப்புக்காக ஏற்கெனவே பழகியிருந்த, எல்லா வேலையையும் ஒரே இடத்திலிருந்து ஒருங்கிணைக்கும் அவசரகாலச் செயல்பாட்டு மைய அமைப்பையும் அதன் ஆட்களையும் அப்படியே எபோலாவுக்குத் திருப்பினார்கள் என்று எழுதினால், கேட்பவர் தன் ஊரில் அப்படித் திருப்பக்கூடியது என்ன இருக்கிறது என்று யோசிப்பார்.

அப்புறம், அமர்வுக்கு வருபவர்கள் எதைக் கற்றுக்கொண்டு போவார்கள் என்று முன்மொழிவில் சொல்லும் கற்றல் நோக்கங்கள். பலர் கடைசி ஐந்து நிமிடத்தில் நிரப்பும் பகுதி இது. 'பங்கேற்பாளர்கள் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்வார்கள்' என்பதற்குப் பதில், 'தங்கள் நிலையத்தில் எந்தெந்தக் கருவி மாற்று மின்சாரத்தில் இருக்கிறது என்று சரிபார்க்கும் பட்டியலைத் தயாரிப்பார்கள்' என்று எழுதிப் பாருங்கள். அமர்வை எப்படி நடத்த வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்: உரை போதாது, எல்லோரும் உட்கார்ந்து செய்து பார்க்கும் பயிலரங்கு வேண்டும்.

தேர்வுக் குழுவில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மொழி நடைக்கு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டு, 'இதனால் என்ன மாறியது' என்ற கேள்விக்குக் கூட்டுங்கள். தேர்வானவருக்குப் பதிவுக் கட்டணத்தில் சலுகை உண்டா, பயணச் செலவு கிடைக்குமா என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். சம்பளத்தை நம்பி இருக்கும் ஒரு செவிலியர் விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்த வரியைப் பார்த்துத்தான்.