அந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்தில், வீட்டுக் கணக்கு பற்றிய கூட்டத்தில் நடந்ததை முழுக்கத் திரும்பச் சொல்லப் போவதில்லை. வராதவர்களுக்கும் வீடியோ வந்திருக்கும். மகளின் சாமத்திய வீட்டுக்காக, அதுதான் பூப்புனித நீராட்டு விழாவுக்காக, சீட்டுக் கட்டுகிறேன் என்று அந்த அக்கா எழும்பிச் சொன்னதும், "உணர்ச்சியைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வந்திருக்கலாமே" என்றார் பேச்சாளர். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் மூன்று நாளாக அரிக்கிறது.

உணர்ச்சி இல்லாத வீட்டுக் கணக்கு எங்கே இருக்கிறது ஐயா? சம்பளத்தில் பாதியை நிலையான வைப்பில் போடுகிறவரைக் கெட்டிக்காரர் என்கிறோம். அவருக்குப் பயம். பயம் உணர்ச்சி இல்லையா? அவருடைய பயத்துக்கு வட்டி வருகிறது, அக்காவின் ஆசைக்கு வரவில்லை.

2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட 69.8 சதவீதம் ஏறியிருந்தது. சாப்பாட்டுச் சாமான் மட்டும் 94.9. எங்கள் வீட்டுச் சம்பளம் ஒரு சதம் ஏறவில்லை. அந்த மாதம் நானும் இவரும் நாலு நாள் கதைக்கவில்லை. ஒரு பால்மா பக்கெட்டுக்காக. கேட்காமல் வாங்கிவந்தார் என்று சத்தம் போட்டேன். சண்டை பால்மாவுக்கா? முதல் நாள் செட்டியார் தெருவில் அம்மாவின் காப்பை வைத்து எடுத்த அடகுத் துண்டு என் கைப்பையில் கிடந்தது. நாலாக மடித்து, பிள்ளையின் கிளினிக் கொப்பிக்குள் செருகியிருந்தேன். அவரிடம் சொல்ல வெட்கம். வெட்கத்தை எந்த நிரலில் எழுதுவது, பேச்சாளர் ஐயா?

"அப்போ கடன்பட்டுக் கொண்டாடலாமா?" என்று வருவீர்கள். கூடாது. சரியா? ஆனால் அக்கா கடன் வாங்கவில்லை, மாதா மாதம் கட்டுகிறார். "சீட்டுப் பிடிக்கிறவர் ஓடினால்?" ஓடியிருக்கிறார்கள், தெரியும். வங்கியில் கிடந்த காசு ஓடவில்லைதான். இருந்த இடத்திலேயே தேய்ந்தது.

பெண்கள்தான் உணர்ச்சிவசப்பட்டுச் செலவழிப்பதாம். ஒரு அண்ணா இன்பாக்ஸில் வந்து வகுப்பெடுக்கிறார். அண்ணா, உங்கள் கார் மாதத்தில் இரண்டு தரம் ஓடுகிறது, வாரத்தில் இரண்டு தரம் கழுவப்படுகிறது. லீசிங் கட்டுவது மூளையா, பக்கத்து வீட்டுக்காரரா?

காப்பை மீட்கவில்லை. "தங்கம்தானே அக்கா, பிறகு வாங்கலாம்" என்றான் கனடாவிலிருக்கும் தம்பி. நியாயமான கணக்கு. வாங்கவில்லை, அது வேறு கதை. அம்மா இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கலியாண வீடுகளுக்குப் போகும்போது மட்டும் நீளக் கை பிளவுஸ் போடுகிறார். இந்த வெயிலில்.

அக்கா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. பச்சைச் சேலை கட்டியிருந்தீர்கள். மகளின் சாமத்திய வீட்டுக்கு எனக்கும் ஒரு கார்ட் தாருங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். என்வலப்பில் கொஞ்சமாகத்தான் இருக்கும்.