தளர்வுக்கும் இடம் தரும் ஒழுங்கு
தினமும் ஜெபிக்க ஒருவர் தனக்கென வகுத்துக்கொண்ட ஜெப ஒழுங்கில் ஒரு நாள்கூடத் தளர்வு கூடாது என்று நான் படித்த கட்டுரை ஒன்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 6ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதிய புனித பெனடிக்ட்டே அப்படிக் கேட்கவில்லை. விவிலியத்தின் 150 திருப்பாடல்களையும் (சங்கீதங்களையும்) எந்தெந்த வேளையில் பாடுவது என்று நுணுக்கமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, இதைவிட நல்ல முறை தெரிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் வாரத்துக்குள் அனைத்தும் பாடப்பட வேண்டும் என்கிறார். நோயாளிகளைக் கவனிப்பதையோ எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறார். படுக்கையில் இருந்த என் தாயைப் பார்த்துக்கொண்ட காலத்தில் என் அதிகாலைத் தியானம் அடியோடு நின்றுபோனது. மருந்து கொடுக்கும்போது அவருடன் சேர்ந்து சொன்ன ஒரே ஒரு திருப்பாடல்தான் அப்போது என் ஒழுங்கு. அதைத் தவறியதாகக் கணக்கெழுத எனக்கு மனம் வராது. இத்தகைய ஒழுங்கைத் தனியாகவே வகுத்துக்கொள்ளலாமா என்று அந்தக் கட்டுரையின் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்; அவர் தான் வகுத்ததை ஆன்மிக வழிகாட்டி ஒருவரிடம் காட்டிவிட்டுத் தொடங்கட்டும். எதைக் குறைக்கலாம் என்று அந்த வழிகாட்டிதான் துணிந்து சொல்வார்.