அம்மாவுக்கு நாலு மார்க் போட்ட பாவி எழுதுவது

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பாட்டெழுதும் போட்டி ஒன்றில் நடுவராக நான் போட்ட மார்க் ஷீட்டின் ஸ்க்ரீன்ஷாட்டை நீங்கள் எல்லோரும் பார்த்தாயிற்று. என் பெயருக்கு நேரே சிவப்பு வட்டம், மேலே "அம்மாவுக்கே நாலு மார்க் போட்ட நடுவர்" என்று தலைப்பு. பலர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். "இதைப் பாத்தீங்களா?" என்று ஒரு வரி, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. பார்த்தேன் ஐயா. பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

நான் மார்க் போட்டது பாட்டுக்கு. அம்மாவுக்கு அல்ல. இதை ஒரு மனிதன் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

போட்டிக்கு வந்தவை 41 பாட்டுகள். யார் எழுதியது, யார் பாடியது என்று எங்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். மெட்டு, வரிகள், அமைப்பு, புதுமை என்று நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். 17-ஆம் எண் ஓர் அம்மா பாட்டு. அதன் மெட்டுக்கு நான் போட்டது 7. அமைப்புக்கு 6. இதெல்லாம் அதே ஸ்க்ரீன்ஷாட்டில்தான் இருக்கிறது, வட்டத்துக்கு வெளியே. வரிகளுக்கு 4. அந்த நாலுக்குத்தான் இத்தனை கூத்து.

சரி, ஏன் நாலு? பல்லவியின் இரண்டாம் வரி "உன் மடி" என்று முடிகிறது. மெட்டு அந்த இடத்தில் மேலே ஏறிப்போய் நிற்கிறது. நிற்கிற ஸ்வரத்தில் விழுவது "ம". மூன்று தாளத் தட்டுக்கு அதை இழுக்கிறார். இழுத்துவிட்டு "டி"யை அவசரமாக விழுங்குகிறார். நீங்களே ஒருமுறை பாடிப் பாருங்கள். காதில் விழுவது "உன் மாடி". அம்மாவின் மாடியில் தலைவைத்துத் தூங்குகிறார் தம்பி. பல்லவி நான்கு முறை வருகிறது, நான்கு முறையும் மாடி ஏறுகிறோம்.

இது சின்ன விஷயமா? குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியம் வகுத்து வைத்ததைப் பள்ளியில் எல்லோரும் படித்தோம். நம் மொழியில் இழுத்தால் அர்த்தமே மாறிவிடும். படம் பாடம் ஆகும், கல் கால் ஆகும். மெட்டுக்கு எழுதுகிற யாரும் முதலில் பார்ப்பது இதைத்தான்: நீளமான ஸ்வரம் எங்கே விழுகிறது, அங்கே நெடில் இருக்கிறதா. இல்லையென்றால் சொல்லை மாற்ற வேண்டும், அல்லது "ம"வைத் தட்டுக்கு முன்னாலேயே தொட்டுவிட்டு "டி"யில் போய் நிற்க வேண்டும். கடைசி இகரத்தை எவ்வளவு இழுத்தாலும் மடி மடியாகவே இருக்கும். இதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை அவர் செலவழிக்கவில்லை என்பதுதான் என் கோபம். (செய்யுளில் ஓசைக்காக எழுத்தை நீட்டுகிற அளபெடை தெரியாத நடுவர் என்று ஒரு புலவர் எழுதியிருந்தார். ஐயா, எந்த அளபெடையிலும் மடி மாடி ஆனதில்லை.)

அப்புறம் கருவறை. 41 பாட்டில் அம்மா பாட்டு மட்டும் ஒன்பது. ஒன்பதில் ஏழில் கருவறை வருகிறது, 17-ஆம் எண்ணும் அதில் ஒன்று. ஐந்தில் அதற்கு அடுத்த வரியிலேயே "தெய்வம்". கருவறை என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதை நாம் கண்டுபிடித்து ரொம்ப நாளாகிவிட்டது. அதை இன்னும் ஒருமுறை கண்டுபிடிப்பதற்குப் புதுமை என்ற தலைப்பின் கீழ் என்னால் மார்க் போட முடியாது. 17-ஆம் எண் பாட்டின் அம்மா யாருடைய அம்மாவாகவும் இருக்கலாம். என் அம்மாவாக இருக்கலாம், உங்கள் அம்மாவாக இருக்கலாம். அதுதானே சிறப்பு என்கிறீர்கள். அவருடைய அம்மா மட்டும் அதில் இல்லையே என்கிறேன் நான்.

29-ஆம் எண்ணும் அம்மா பாட்டுதான். அதில் அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கக் கம்பி இல்லை, நூல் கட்டியிருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு அவள் பழைய கடிதம் ஒன்றைப் படிக்கிறாள், படித்து முடித்ததும் நூலை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. கருவறையும் இல்லை, தெய்வமும் இல்லை. வரிகளுக்கு 9 போட்டேன். அம்மா மேல் எனக்கு விரோதம் என்றால் இந்த ஒன்பது எங்கிருந்து வந்தது?

இந்த 29-ஆம் எண்ணுக்கு முதல் பரிசு என்றதும் கிளம்பிய இன்னொரு புகார்: "ஃபேன் சத்தம் கேட்கிற ரெக்கார்டிங்குக்கு முதல் பரிசா? நாங்கள் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்தோமே!" நல்லது. ஸ்டுடியோவுக்கு மார்க் போடும் தலைப்பு ஷீட்டில் இல்லை. பாட்டெழுதும் போட்டி இது. ஒரே பாட்டைக் கொஞ்சம் சத்தம் கூட்டி வைத்தால் அதுதான் நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். மிக்ஸிங் செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இரண்டு மிக்ஸை ஒப்பிடும்போது முதலில் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும் என்று. நானும் அப்படித்தான் செய்தேன். இயர்போனில் ஒருமுறை, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் மெதுவாக ஒருமுறை. 41 பாட்டு, சராசரி நாலு நிமிடம், மூன்று முறை. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும். சம்பளம் இல்லை. கிடைத்தது இந்தச் சிவப்பு வட்டம்.

முதல் பரிசுப் பாட்டு காப்பி என்றும் ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். மோகன ராகத்தில் இருக்கிறதாம், மோகனத்தில் ஏற்கெனவே பாட்டு இருக்கிறதாம். மோகனத்தில் மொத்தமே ஐந்து ஸ்வரம். அதில் எதைப் பாடினாலும் இன்னொன்றின் சாயல் அடிக்கத்தான் செய்யும். அது ராகத்தின் சாயல். 1976-இல், பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் ஒரு பழைய பாட்டின் மெட்டைத் தன்னை அறியாமலே எடுத்துவிட்டார் என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023-இல் ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் மேல் வந்த வழக்கில், அவர் காப்பியடிக்கவில்லை என்று நியூயார்க்கில் ஜூரிகள் சொன்னார்கள். அதில் சண்டையே பலரும் பயன்படுத்துகிற ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வரிசையைப் பற்றித்தான். நீதிமன்றங்களே வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயத்தை நம் ஆட்கள் பஸ்ஸில் போகிற நேரத்தில் கமெண்டில் முடித்துவிடுகிறார்கள்.

"ரசனை ஆளுக்கு ஆள் மாறும், நீ யார் தீர்ப்புச் சொல்ல?" மாறும்தான். அதனால்தான் மூன்று நடுவர்கள். மாறாத ஒன்று மடிக்கும் மாடிக்கும் உள்ள வித்தியாசம். "நீ என்ன பெரிய பாடலாசிரியனா?" இல்லை. நான் எழுதிய எந்தப் பாட்டும் உங்கள் போனில் இல்லை. இதற்கு மேல் இதற்குப் பதில் கிடையாது.

"எல்லோரும் புதிதாக எழுதுகிறவர்கள், ஊக்கப்படுத்த வேண்டாமா?" இதுதான் என்னை ரொம்பப் படுத்துகிறது. ஊக்கம் என்றால் என்ன? 41 பேருக்கும் ஒன்பது போட்டு, 41 பேருக்கும் கை தட்டி, 41 மாடிகளையும் அப்படியே விட்டுவிடுவதா? மூன்று நடுவர்களில் இன்னொருவர் அதே வரிகளுக்கு 9 போட்டார். அவர் இப்போது "மனமுள்ள கலைஞர்". தன் பக்கத்தில் கைகூப்பும் பொம்மை எல்லாம் போட்டிருக்கிறார். நடுவர் அறையில் "அந்த மாடி விஷயம் நீங்க சொல்றது சரிதான் சார்" என்று என்னிடம் சிரித்ததும் அவர்தான். அதை எந்த ஸ்க்ரீன்ஷாட்டில் தேட?

"சோர்ந்துபோய் மார்க் போட்டிருப்பார்" என்றும் ஒருவர். பெல்ஜியத்தின் ராணி எலிசபெத் இசைப் போட்டியைப் பற்றி 1996-இல் ஓர் ஆய்வு வந்தது. குலுக்கலில் பின்னால் வாசிக்க வருபவர்களுக்கு நல்ல இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று அதில் கண்டார்கள். அவ்வளவு பெரிய நடுவர்களுக்கே அந்தக் கதி. அதனால் மறுநாள் நான் கடைசியிலிருந்து தலைகீழாகக் கேட்டேன். முதல் நாள் 17-ஆவதாக வந்தது மறுநாள் 25-ஆவதாக வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் நாள் அந்த வரிகளுக்கு 5 போட்டிருந்தேன். மறுநாள்தான் 4 ஆக்கினேன். அதற்குள் ஏழு கருவறைகளும் காதில் ஏறியிருந்தன. மற்ற ஆறு பேர் செய்ததற்கு இவர் ஏன் ஒரு மார்க் இழக்க வேண்டும் என்று கேட்டால்... சரி, கேளுங்கள். இதற்கும் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

காரணத்தை ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்டார்கள். ஷீட்டில் அதற்கு இடம் இல்லை. அவ்வளவுதான்.

எனக்கு 22 வயதில் ஒரு போட்டிக்குப் பாட்டு அனுப்பினேன். கேசட்டில். ரெக்கார்ட் செய்யும்போது யாரும் இருமக் கூடாது என்று வீட்டையே மிரட்டி வைத்திருந்தேன். பரிசு இல்லை. கேசட் திரும்பி வந்தது, உறைமேல் பென்சிலில் ஒரே வரி: "இரண்டாவது சரணம் தேவையில்லை." ஆறு மாதம் அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தேன். இன்றைக்கும் அந்தச் சரணம் தேவை என்றுதான் நினைக்கிறேன். அவர் சொன்னது தப்பு. ஆனால் இரண்டாவது சரணம் வரைக்கும் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, பென்சிலை எடுத்து, ஷீட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் உறைமேல் எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் என்னோடு உட்கார்ந்து மெட்டுப் போட்ட நண்பன் ஒருவன். நான் திட்டும்போதெல்லாம் கூடச் சேர்ந்து திட்டியவன். நேற்று ராத்திரி அந்தச் சிவப்பு வட்டப் பதிவுக்கு இதயக்குறி போட்டவர்களின் பெயர்களைக் கீழே இறக்கிக்கொண்டே போனேன். (போயிருக்கக் கூடாது.) அவன் பெயரும் இருந்தது. தெரியாமல் விரல் பட்டிருக்கும் என்று ஒரு மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் பார்த்தால் கமெண்டும் போட்டிருக்கிறான். "இவன் எப்பவுமே இப்படித்தான்." எப்பவுமே எப்படி? முப்பது வருடத்தில் ஒரு தடவையாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே.

என் அம்மாவுக்கும் விஷயம் போய்விட்டது. யார் காட்டினார்களோ. காலையில் போன். "அம்மாவுக்கு நாலு மார்க் போட்டியாமே?" என்று சிரித்தார். மேலே எழுதியதை எல்லாம் அப்படியே ஒப்பித்தேன். குறில், நெடில், கருவறை, எட்டு மணி நேரம், எல்லாம். பொறுமையாகக் கேட்டார். அந்தப் பாட்டையும் கேட்டுவிட்டாராம். மாடி என்றுதான் அவர் காதிலும் விழுந்ததாம். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"ஆனா அந்தப் பையன் அவங்கம்மாவுக்கு ஒண்ணு எழுதிட்டான்ல. நீ எனக்கு எழுதினதில்லையே" என்றார்.

வேலை இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

17-ஆம் எண் தம்பி, இதைப் படித்தால் மெசஞ்சருக்கு வாருங்கள். இரண்டாம் வரிக்கு மட்டுமல்ல, முழுப் பாட்டுக்கும் வரிவரியாக எழுதி வைத்திருக்கிறேன். முதல் சரணத்தில் அம்மா விளக்கை அணைக்காமல் காத்திருக்கும் அந்த ஒரு வரி நன்றாக இருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம். மார்க் மாறாது. நாலுதான்.