பாராட்டா, வாழ்த்தா?

பல மொழிகளில் வாழ்த்துச் சொல்வது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதில் நல்ல செய்தி கேட்டதும் யூதர்கள் சொல்லும் எபிரேய வாழ்த்தான ‘மாசல் தோவ்’ இருந்தது, சரி. ஆனால் அதைக் கர்ப்பிணியிடம் சொல்லிவிடாதீர்கள். யூத வழக்கில் குழந்தை பிறந்த பிறகுதான் அது. அதற்கு முன் ‘பெஷா தோவா’, அதாவது ‘நல்ல வேளையில் நடக்கட்டும்’ என்பார்கள். ஜெர்மானியர்களிலும் பிறந்தநாளுக்கு முதல் நாளே வாழ்த்தினால் அபசகுனம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு.

நம் தமிழில் வேறு குழப்பம். பரிசு வாங்கியவருக்குப் பாராட்டு, மணமக்களுக்கு வாழ்த்து. ஒன்று செய்து முடித்ததற்கு, மற்றது இனி வரப்போவதற்கு. இப்போது வாட்ஸ்அப்பில் எல்லாவற்றுக்கும் ‘வாழ்த்துகள்’தான். பதவி உயர்வுக்காவது இரண்டும் பொருந்தும். தேர்வில் முதலிடம் பிடித்த பிள்ளைக்கு ‘பாராட்டுகள்’ என்று போட்டால் என்ன? அப்புறம், நடுவில் ‘க்’ வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.